முதலில் கால், பிறகுதான் தலை

சுங்கை சிப்புட் சந்தைக்குப் பின்னால் எனக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. சப்பாத்துக்கு அடி போடுவேன். லோரித் தார்ப்பாய், கான்வாஸ் பை, பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப்பை எல்லாம் தைப்பேன். அதற்கு முன் 21 ஆண்டுகள் ரெஞ்சர் படைப்பிரிவில் காலாட்படை வீரனாக இருந்தேன். படைவீரர் உடுத்துவதையும் சுமப்பதையும் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களை ஆசிரியர் ஒரு கட்டாகக் கொண்டுவந்து என் தையல் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மூத்த மகனுக்கு இராணுவத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் போர்ட்டிக்சன் பயிற்சி மையத்துக்குப் போகிறான். எங்கள் வீட்டில் யாரும் படையில் இருந்ததில்லை. என்னென்ன வாங்கிக் கொடுத்து அனுப்ப வேண்டும்? 600 ரிங்கிட்டுக்கு ஒரு பூட்ஸ் பார்த்து வைத்திருக்கிறான். வாங்கித் தரட்டுமா?
— ஒரு தாய், லிந்தாங்

பதில்: தங்கச்சி, அந்த 600 ரிங்கிட்டைப் பத்திரமாக வையுங்கள். உடையும் பூட்ஸும் பையும் அங்கே கொடுப்பார்கள். வேறு விதமான பூட்ஸைப் பயிற்சியில் அணிய விடவும் மாட்டார்கள். நீங்கள் பணம் கொடுத்து வாங்க முடியாத ஒன்றுதான் அவனுக்குத் தேவை: பழகிய கால்.

இன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு மணி நேரம் அவன் நடக்கட்டும். தார்ச்சாலையில் மட்டும் போதாது. செம்பனைத் தோட்டத்து மண்பாதையில், ஏற்ற இறக்கத்தில், மழை பெய்த மறுநாள் சேற்றில் நடக்கட்டும். புதுப் பூட்ஸ் கடிப்பது குதிகாலிலும் சுண்டுவிரல் ஓரத்திலும்தான். அந்த இரண்டு இடங்களில் தோல் பழகியிருந்தால் முதல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிடுவான். பூட்ஸ் அளவு கொடுக்கும்போது அவன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காலையில் இருக்கும் பாதம் மாலையில் சற்று வீங்கிப் பெரிதாகும். சுமையோடு நடந்தால் இன்னும் விரியும். தடித்த காலுறை போட்டு நின்று, முன்விரல் முனையில் இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கூச்சப்பட்டுக் கொண்டு, கொடுத்ததை வாங்கி வந்த பையன்கள் எத்தனை பேர் நொண்டியதை நான் பார்த்திருக்கிறேன்! அளவு சரியில்லை என்றால் அன்றே சொல்லி மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அது அடம் ஆகாது.

நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். கிரிக்குக்கு வடக்கே காட்டில் என் முதல் ரோந்து. மூன்று நாள் ஆற்றோரமாகவே நடந்தோம். கழற்றினால் திரும்பப் போட முடியாதோ என்று பயந்து பூட்ஸோடும் ஈரக் காலுறையோடுமே தூங்கினேன். நான்காம் நாள் காலையில் ஒவ்வோர் அடியும் ஆணி மேல் வைத்ததுபோல் இருந்தது. எங்கள் பிரிவின் கோப்ரல் சரவாக்கைச் சேர்ந்த ஓர் இபான் இனத்தவர். என்னை ஒரு வேர்மேல் உட்கார வைத்து, தன் கையாலேயே பூட்ஸைக் கழற்றினார். பாதம் வெளுத்து, ஊறிய அப்பளம்போல் சுருங்கிக் கிடந்தது. அவர் திட்டவில்லை. தன் பையிலிருந்த உலர்ந்த காலுறையை எடுத்து எனக்குப் போட்டுவிட்டார். அந்தக் காலுறை அவர் தமக்கென்று வைத்திருந்த ஒரே மாற்றுச் சோடி. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் தண்ணீரில் நின்று நின்றே ஆயிரக்கணக்கான வீரர்களின் கால்கள் அழுகின. திமிங்கில எண்ணெய் பூசிப் பார்த்தார்கள். தினமும் காலுறையை மாற்று, அதிகாரி முன்னால் பாதத்தைக் காட்டு என்று கட்டளை வந்த பிறகுதான் குறைந்தது. குளிர் நாட்டில்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். வெதுவெதுப்பான வயல் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் நின்றாலும் இதே கதிதான். வியட்நாமில் அமெரிக்கர்கள் பட்டது அது.

ஆகவே காட்டில் வீரனுக்கு இரண்டு உடுப்புகள்: ஒன்று ஈர உடுப்பு, மற்றது உலர்ந்த உடுப்பு. பகலெல்லாம் நனைந்ததை இரவில் கழற்றி, உடம்பைத் துடைத்து, பாதத்துக்குப் பவுடர் போட்டு, உலர்ந்ததை உடுத்தித் தூங்க வேண்டும். விடியும் முன் எழுந்து, சில்லென்றிருக்கும் அந்த ஈர உடுப்பையே மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். உலர்ந்தது பிளாஸ்டிக் உறைக்குள் போய்விடும். கேட்க எளிதாக இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஈரச் சட்டைக்குள் கை நுழைக்கும்போதுதான் மனிதனுக்கு உறுதி இருக்கிறதா என்று தெரியும். ‘இன்று ஒரு நாள் மட்டும் உலர்ந்ததோடு போகலாம்’ என்று நினைப்பவனுக்கு அன்றிரவு உலர்ந்தது என்று ஒன்றும் இராது.

கழற்றிய பூட்ஸை இரண்டு குச்சிகளை நட்டு அதில் கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூரானோ தேளோ குடியேறியிருக்கும்.

நீங்கள் கொடுத்தனுப்ப வேண்டியவை: நகவெட்டி (நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தை வளைத்து வெட்டினால் சதைக்குள் வளரும்), வாசனையில்லாத பவுடர், கெட்டி நூலும் இரண்டு ஊசியும், நல்ல காலுறை நான்கு சோடி. வெறும் பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். கம்பளியும் செயற்கை இழையும் கலந்தது மேல். பொத்தான் தைக்க அவனுக்கு நீங்களே கற்றுக்கொடுங்கள். இவ்வளவுதான். அவன் போகிற நாளில் அழாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் அம்மாவும் ரயில் நிலையத்தில் நின்று அழுதார்.

கேள்வி: நான் படிவம் மூன்றில் படிக்கிறேன். இராணுவ உடையில் ஏன் சதுரம் சதுரமாகப் புள்ளிகள் இருக்கின்றன? காடு பச்சைதானே, பச்சை மட்டும் போதாதா?
— மாணவன், சுங்கை சிப்புட்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. ஒரு காலத்தில் பச்சை மட்டும்தான் இருந்தது. 1948 ஜூன் 16-ஆம் தேதி நம் ஊர்த் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதோடு, கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் காட்டுக்குள் போன வீரர்கள் ஒரே பச்சையில்தான் போனார்கள். அதற்கும் முன்பு காக்கி. 1840-களில் பெஷாவர் பக்கத்தில் இருந்த ஒரு படைப்பிரிவு வெள்ளைச் சீருடையை மண்நிறமாக்கியது. ‘காக்’ என்றால் பாரசீகத்திலும் உருதுவிலும் புழுதி. அதிலிருந்து வந்ததே காக்கி.

ஒரே நிறத்தில் என்ன குறை? நிறம் ஒத்துப்போனாலும் உருவம் காட்டிக்கொடுக்கும். தோளின் வளைவு, கழுத்து, இரண்டு கால் என்று பார்த்ததுமே கண் ‘மனிதன்’ என்று பிடித்துவிடும். பெரிய திட்டுகள் அந்த உருவக் கோட்டைத் துண்டு துண்டாக உடைக்கும். சின்னப் புள்ளிகள் கிட்டத்தில் இலை, நிழல், சருகு போலக் கலக்கும். சதுரப் புள்ளியில் இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யலாம் என்று கண்டுபிடித்து 1990-களின் இறுதியில் கனடா அதை ஏற்றுக்கொண்டது. நம் தரைப்படையின் ‘செலோரெங்’ எனப்படும் கோல உடையில் 2013 முதல் புலிவரியும் சதுரப் புள்ளியும் சேர்ந்திருக்கின்றன. வரி நம் காட்டுக்குப் பொருந்தும். மூங்கில் புதரில் விழும் வெளிச்சத்தைப் பார், அதுவும் வரியாகத்தான் விழுகிறது.

எல்லா இடத்துக்கும் ஒரே கோலம் என்று ஆசைப்பட்டு 2004-ல் அமெரிக்கத் தரைப்படை சாம்பல் நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்தது. காட்டிலும் பொருந்தவில்லை, ஆப்கானிஸ்தான் மலையிலும் பொருந்தவில்லை. பத்தே ஆண்டில் மாற்ற முடிவு செய்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரவில் பார்க்கும் கருவிகள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பார்க்கும். அந்த ஒளியில் உயிருள்ள இலை பளிச்சென்று தெரியும். சாதாரணச் சாயம் போட்ட துணி இலையோடு சேராமல் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தனித்து நிற்கும். அதனால் படைத்துணிக்குச் சாயமே தனி. வெண்மை கூட்டும் சோப்புத்தூளில் துவைத்தாலும் கஞ்சி போட்டு இஸ்திரி தேய்த்தாலும் அந்தக் குணம் கெடும். நான் முதல் விடுப்பில் வந்தபோது என் அம்மா என் காட்டு உடுப்பை வடித்த கஞ்சியில் முக்கி, கரி இஸ்திரிப் பெட்டியில் தேய்த்து, கத்திபோல் மடிப்பு வைத்துக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த அன்பு அது. முகாமுக்குப் போய் மூன்று முறை வெறும் தண்ணீரில் அலசினேன். அம்மாவிடம் சொல்லவே இல்லை.

கேள்வி: என் அண்ணன் மகன் பாதுகாவலர் வேலைக்குப் போகிறான். ‘குண்டு துளைக்காத சட்டை’ என்று இணையத்தில் மலிவாக விற்கிறார்கள். வாங்கித் தரலாமா? இராணுவத் தலைக்கவசம் துப்பாக்கிக் குண்டைத் தடுக்குமா?
— லோரி ஓட்டுநர், கோலகங்சார்

பதில்: வாங்காதீர்கள். எந்தக் குண்டு, எவ்வளவு தூரம், எந்தத் தரச்சோதனை என்று சொல்லாமல் விற்கும் சட்டை வெறும் துணி. அதைப் போட்டிருக்கும் தைரியத்தில் பையன் ஒரு அடி முன்னால் வைப்பான். அந்த ஒரு அடிதான் எனக்குப் பயம்.

தலைக்கவசம் எதற்காக வந்தது என்று தெரிந்தால் மீதி விளங்கும். 1914-ல் ஐரோப்பியப் படைகள் துணித்தொப்பியோடும் தோல்தொப்பியோடும் போருக்குப் போயின. பீரங்கிக் குண்டு வெடித்துத் தலைக்கு மேலிருந்து பொழிந்த இரும்புச் சிதறல்களால் மண்டை உடைந்து செத்தவர்கள் ஏராளம். 1915-ல் முதலில் பிரெஞ்சுக்காரர்களும் பிறகு பிரிட்டிஷாரும் இரும்புத் தொப்பியைக் கொண்டுவந்தார்கள். ஆக, அது சிதறலுக்கு எதிராகப் பிறந்தது. நேராக வரும் ரைஃபிள் குண்டுக்காக யாரும் அதைச் செய்யவில்லை. நான் படையில் சேர்ந்தபோது எங்களுக்கிருந்தது அமெரிக்க எம்-1 மாதிரி: உள்ளே ஒரு கூடு, வெளியே இரும்பு ஓடு. ஓட்டைத் தனியே எடுத்து முகம் கழுவத் தண்ணீர் பிடித்திருக்கிறோம்.

பிறகு கெவ்லார் வந்தது. டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியல் அறிஞர் 1965-ல் கண்டுபிடித்த இழை அது. கார் டயருக்கு எடை குறைந்த வலுவான இழை தேடியபோது கிடைத்தது. டயருக்காகத் தேடியது இத்தனை பேரின் உயிரைக் காத்ததே என்று ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட ஐந்து மடங்கு வலிமை. பல அடுக்காக நெய்து வைத்தால், குண்டு வந்து மோதும்போது ஒவ்வோர் இழையும் இழுபட்டு வேகத்தைப் பக்கவாட்டில் பகிர்ந்துகொள்ளும்; வலையில் விழுந்த பந்துபோல. 1980-களில் அமெரிக்கப் படை இரும்பை விட்டு இதற்கு மாறியது. ஆனாலும் கைத்துப்பாக்கிக் குண்டும் சிதறலும்தான் இதில் நிற்கும். ரைஃபிள் குண்டு கூர்மையாகவும் மிக வேகமாகவும் வருவதால் நெசவைப் பிளந்துகொண்டு போய்விடும்.

ரைஃபிளுக்கு வேண்டியது பீங்கான் தட்டு. வீட்டுப் பீங்கான் என்று எண்ணிவிடாதீர்கள். போரான் கார்பைடு என்ற பொருள், வைரத்துக்கு அடுத்தடுத்து வரும் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. குண்டு அதில் மோதியதும் குண்டின் முனை நொறுங்கும், தட்டும் அந்த இடத்தில் நொறுங்கும். நொறுங்கியதை எல்லாம் பின்னால் இருக்கும் இழைப்படலம் தாங்கிப் பிடிக்கும். தட்டு தன்னை உடைத்துக்கொண்டுதான் ஆளைக் காக்கிறது. ஒரு தட்டு இரண்டரைக் கிலோ அளவில் இருக்கும். மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. அதைத் தொப்பென்று தரையில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் படைகள் உண்டு. பழைய தட்டை இணையத்தில் வாங்குபவனுக்கு அதன் வரலாறு எப்படித் தெரியும்?

கெவ்லாருக்கும் பகை இரண்டு: வெயில், ஈரம். இரண்டும் அதன் வலிமையைக் குறைக்கும். அதனால்தான் ஒளி புகாத, நீர் புகாத உறைக்குள் வைத்துத் தைக்கிறார்கள். காரின் பின்கண்ணாடியில் மாதக்கணக்கில் காய்ந்த சட்டையை நான் நம்ப மாட்டேன். நம் நாட்டுச் சூட்டில் இன்னொரு விலையும் உண்டு. கவசம் வியர்வை உலர விடாது. கவசம் போட்ட வீரனுக்கு வெப்ப அளவில் ஐந்து டிகிரி ஃபாரன்ஹீட் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்கப் படையின் விதி. மதியம் ஒரு மணிக்கு மயங்கி விழுந்தவனை எந்தத் தட்டும் காக்காது.

அண்ணன் மகனுக்கு அவன் வேலை செய்யும் நிறுவனமே தரச்சான்றுள்ள கவசத்தைக் கொடுக்க வேண்டும். கேட்கச் சொல்லுங்கள். கேட்பது அவன் உரிமை.

கேள்வி: நாங்கள் மலையேறும் குழு. படைவீரர்கள் எவ்வளவு எடை சுமக்கிறார்கள்? நாங்களும் அப்படிப் பழகலாமா?
— இளைஞர், ஈப்போ

பதில்: வேண்டாம், தம்பி. அவர்கள் ஆசைப்பட்டுச் சுமக்கவில்லை.

உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சுமந்தால் மனிதன் சண்டைக்கு ஆகமாட்டான் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அறுபத்தைந்து கிலோ ஆளுக்கு இருபத்திரண்டு கிலோ. 2003-ல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க வீரர்களைத் தராசில் நிறுத்திப் பார்த்தார்கள். சண்டைக்கு மட்டும் வேண்டியவை சராசரி 29 கிலோ. பெரிய பையோடு நடந்தால் 46 கிலோ. கூட்டிப் பாருங்கள்: தலைக்கவசம் ஒன்றரைக் கிலோ, தட்டுகளோடு கவசம் பத்துக் கிலோவுக்குமேல், ரைஃபிள் மூன்றரை, குண்டு நிரப்பிய மெகசின் ஒன்று அரைக் கிலோ என்று ஏழு, தண்ணீர் மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ. இன்னும் சோறு, வானொலி மின்கலம், கட்டுத்துணி, பாராங் கத்தி, மழைக்கு விரிக்கும் துணி எதுவும் கணக்கில் வரவில்லை. ஒவ்வொரு பொருளையும் இலேசாக்கத்தான் செய்கிறார்கள். இலேசான இடத்தில் உடனே இன்னொரு பொருளை ஏற்றிவிடுகிறார்கள். முழங்காலும் இடுப்பும் முப்பத்தைந்து வயதில் தேய்ந்து போன நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். இதைப் பெருமைக்குப் பழகாதீர்கள்.

ஆனால் சுமக்கும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். கனமானது முதுகை ஒட்டி, தோள்பட்டை உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் வைத்தால் பின்னால் இழுக்கும். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கினால் தோளின் பாரம் இடுப்புக்கு இறங்கும். அடிக்கடி எடுப்பவை கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும், எப்போதும் அதே இடத்தில். இப்போதைய கவசத்தில் ஓர் அங்குல நாடாவை ஓர் அங்குல இடைவெளி விட்டு வரிசை வரிசையாகத் தைத்திருப்பார்கள். பைகளை அதில் கோத்து, அவரவர் கைக்கு எட்டும்படி மாற்றிக்கொள்ளலாம். இடக்கைக்காரன் தன் வசதிப்படி மாட்டிக்கொள்ளலாம் என்பதே எனக்கு அதில் பிடித்தது. எங்கள் காலத்தில் பைகளை மாட்டிய வெப்பிங் என்ற பட்டையில் அந்தச் சலுகை குறைவு. தையலை மட்டும் கவனியுங்கள். நாடா அறுந்து போவதில்லை, தையல்தான் விடும்.

கேள்வி: செலோரெங் துணியில் கால்சட்டை தைத்துக் கேட்கிறார்கள். தைத்தால் தப்பா?
— தையல்காரர், பாகாவ்

பதில்: படைவீரன் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு படையுடையை அணிவது நம் தண்டனைச் சட்டத்தின் 140-ஆவது பிரிவின்படி குற்றம். நம் படைகள் இப்போது அணியும் கோலத்தை நான் தைக்க மறுத்துவிடுவேன். சொந்தச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வரும் வீரனுக்கு மட்டும் ஒட்டுப் போட்டுக் கொடுப்பேன், அதுவும் அவனுடைய அட்டையைப் பார்த்துவிட்டு.

கேள்வி: நான் நாற்பது வருடம் பால்மரம் வெட்டினேன். ‘நாம் வெட்டுகிற பால்தான் பட்டாளத்துக்குப் போகிறது’ என்று என் அப்பா சொல்வார். உண்மையா, அல்லது எங்களை உற்சாகப்படுத்தச் சொன்னதா?
— ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, வயது 74, சுங்கை சிப்புட்

பதில்: அக்கா, உங்கள் அப்பா உண்மையைத்தான் சொன்னார். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்.

1877-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த கன்றுகளில் ஒன்பதை நமக்குப் பக்கத்தில் கோலகங்சாரில் நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது, போய்த் தொட்டுப் பாருங்கள். பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை தீரும் என்று 1839-ல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் கண்டார். அதன் பிறகுதான் அது பூட்ஸுக்கு அடியாகவும், மழைத்துணியாகவும், நச்சுப்புகை முகமூடியாகவும், லோரி டயராகவும் போர்க்களம் போனது. ஜப்பான் மலாயாவைப் பிடித்தபோது நேசநாடுகளுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பெரும்பகுதி நின்றுபோனது. அமெரிக்கா அவசர அவசரமாகச் செயற்கை ரப்பர்த் தொழிற்சாலைகளைக் கட்டியதற்கு அதுவே காரணம். கொரியப் போர் நடந்த 1950-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விண்ணுக்கு ஏறியது. உங்கள் அப்பா அந்தக் காலத்தைத்தான் மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார்.

அவசரகாலத்தில் இந்தக் காடுகளில் நடந்த வீரர்கள் அணிந்தது கணுக்காலுக்குமேல் உயர்ந்த கான்வாஸ் பூட்ஸ், ரப்பர் அடி. தோல் பூட்ஸ் தண்ணீர் குடித்தால் காய நாள் கணக்காகும். கான்வாஸ் சீக்கிரம் காயும். பின்னர் அமெரிக்கர்கள் செய்த காட்டுப் பூட்ஸில் உட்பாதத்தின் பக்கத்தில் தண்ணீர் வெளியேற இரண்டு சிறு துளைகள் இருந்தன. தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க முடியாது, வந்தது போகட்டும் என்ற அறிவு அது.

ஒரு சப்பாத்துக்காரனாகச் சொல்கிறேன். இரண்டு வருடம் அலமாரியில் வைத்திருந்த விலையுயர்ந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் அடி கேக்குபோல் உதிர்ந்துவிட்டது என்று மாதத்துக்கு இருவராவது கடைக்கு வருகிறார்கள். அது பாலியுரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் செய்த அடி. நம் ஊர்க் காற்றின் ஈரம் அதை உள்ளிருந்தே சிதைக்கும், அணியாமல் வைத்திருந்தாலும் சிதைக்கும். கந்தகமிட்டு வெந்த ரப்பருக்கு அந்த நோய் இல்லை. நீங்கள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன முள்வைத்த கறுப்பு ரப்பர்ச் சப்பாத்தை இன்று மலையேறுபவர்கள் தேடி வாங்குகிறார்கள். ‘கம்போங் அடிடாஸ்’ என்று செல்லப் பெயரும் வைத்திருக்கிறார்கள். சேற்றில் அதைப்போல் பிடிப்புள்ள சப்பாத்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. நான் படையில் கற்றவற்றில் பாதியை நீங்களெல்லாம் லயத்திலிருந்து இருட்டில் புறப்படும்போதே செய்துகொண்டிருந்தீர்கள். அம்மா பழைய சேலையைக் கிழித்துக் கெண்டைக்காலில் இறுக்கிச் சுற்றுவார், அட்டை ஏறாமல் இருக்க. பிரிட்டிஷ் வீரர்கள் காலில் சுற்றிய ‘பட்டீஸ்’ இந்தியிலுள்ள ‘பட்டி’தான், அதே துணிப்பட்டை. முழுக்கைச் சட்டை, தலைத்துணி, இடுப்பில் தகர டப்பாவுக்குள் புகையும் கொசுவர்த்தி. வீரன் புகை விட முடியாது, வாசனை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பெர்மெத்ரின் என்ற மருந்தைத் துணியிலேயே ஏற்றிவிடுகிறார்கள். உட்கார்ந்த கொசு செத்துவிழும். தோளில் வைக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால்வாளி தொங்க, தளும்பாமல் நீங்கள் நடந்த நடையை எந்தப் பயிற்சி முகாமிலும் நான் கண்டதில்லை.

கேள்வி: தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு கறுத்த கயிறு கிடைத்தது. அதில் எண்கோண வடிவில் ஒரு பச்சை வில்லை, அதிலிருந்து சிறு கயிற்றில் தொங்கும் வட்டமான ஒரு சிவப்பு வில்லை. எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன. தாத்தா இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு லோரி ஓட்டினாராம். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். இது தாயத்தா?
— ஆசிரியை, தைப்பிங்

பதில்: தாயத்து இல்லை, மகளே. அது அடையாள வில்லை. அழுத்திச் செய்த நாரட்டையில் பெயர், எண், சமயம் மூன்றையும் பொறித்துக் கழுத்தில் போட்டுவிடுவார்கள்.

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் ஒரே ஒரு வில்லைதான் இருந்தது. வீரன் விழுந்தால் பதிவுக்காக அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பிறகு புதைக்க வந்தவர்களுக்கு அந்த உடல் யாருடையது என்று தெரியவில்லை. அப்படிப் பெயரிழந்தவர்கள் எத்தனையோ பேர். அதனால் 1916-ல் இரண்டாக்கினார்கள். சிவப்பை அறுத்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், பச்சை உடலோடு இருக்க வேண்டும். சிவப்பு, பச்சையிலிருந்து தனிக் கயிற்றில் தொங்குவது அதற்குத்தான். உங்கள் ஊரிலேயே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறதே, எண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் அங்கே உறங்குகிறார்கள். பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்கள். நான் அங்கே போகும்போதெல்லாம் பெயரில்லாத கற்களின் முன்னால்தான் அதிக நேரம் நிற்பேன்.

உங்கள் பெட்டியில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. உங்கள் தாத்தாவிடமிருந்து சிவப்பை யாரும் அறுக்க வேண்டியிருக்கவில்லை. அவர் தாமே நடந்து வீட்டுக்கு வந்து, தாமே கழற்றி, பெட்டியில் வைத்திருக்கிறார்.

சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், நாரட்டை உப்பிவிடும். கயிற்றை மாற்றாதீர்கள். மெல்லிய தாள் ஒன்றை வில்லையின்மேல் விரித்து, பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாகத் தேயுங்கள். எழுத்துகள் பொறித்தவை, கண்ணுக்குத் தேய்ந்ததுபோல் இருந்தாலும் பள்ளம் இருக்கும். பெயர் தாளில் எழும்.